ஆறு வாரம் செத்துப் பார்த்தவர்

அவரை எல்லோரும் பிரேக் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எந்த லிஃப்டைப் பார்த்தாலும் அது எப்படி ஏறும் என்று கேட்கமாட்டார், எப்படி நிற்கும் என்றுதான் கேட்பார். அதனால் வந்த பெயர். வீட்டுக்கு யாராவது வந்தால் நாற்காலியைக் கையால் ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் "உக்காருங்க" என்பார். அன்பான மனிதர் என்று அவரைச் சட்டென்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்த எந்த லிஃப்டிலும் ஒருவருக்குக்கூட விரல் நசுங்கியதில்லை. இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

மனைவி இறந்து ஏழு வருடம் ஆகிறது. மகள்கள் இரண்டு பேர். பெரியவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். கணவன், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று நான்கு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். சின்னவள் அப்பாவோடுதான் இருக்கிறாள். வயது முப்பத்து மூன்று. மற்றவர்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வதைக் கற்க அவளுக்கு ஒரு வருடம் ஆகும். எழுத்து பெரிதாக இருந்தால் படிப்பாள். தனியாகப் பேருந்து ஏறி வேலைக்குப் போய் வருவாள். பிஸ்கட் கம்பெனியில் அட்டைப் பெட்டி மடிக்கும் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறாள். அவள் மடித்த பெட்டியின் மூலை பிரிந்து வந்ததாகப் புகார் வந்ததில்லை. ஒன்று மட்டும் அவளுக்கு வராது. யாராவது சிரித்த முகத்தோடு ஒரு தாளை நீட்டினால் மறுக்கத் தெரியாது. வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அந்த வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் மூன்று இருப்பது அதனால்தான்.

அறுபத்தாறாவது வயதில் பிரேக்கின் நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். "இது எத்தனை வருஷம் ஓடும் டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். தன் தொழிலில் அப்படிச் சிரிக்கிற மெக்கானிக்கை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, பெரியவளையும் கூட்டிக்கொண்டு வக்கீல் அம்மாவிடம் போனார்.

வக்கீல் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது.

"எதுக்குப்பா வக்கீல்? இருக்கிற வீடு ஒண்ணு, கீழ வாடகைக்கு விட்டது ஒண்ணு. ரெண்டையும் என் பேர்ல எழுதுனா முடிஞ்சுது. அவள நான் பாத்துக்க மாட்டேனா?" என்று படியேறும்போதே பெரியவள் கேட்டாள். குரலில் வருத்தம் இருந்தது. பிரேக் படியின் கைப்பிடி ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறினார்.

அதே கேள்வியை அவள் வக்கீல் அம்மாவிடமும் கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நீங்க பாத்துப்பீங்கம்மா. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா உங்க பேருக்கு வந்துட்டா அது உங்க வீடு. உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"டைல்ஸ் வியாபாரம்."

"வியாபாரம் ஒருநாள் படுத்துச்சுன்னா, கடன் குடுத்தவன் உங்க குடும்பத்து பேர்ல என்னென்ன இருக்குன்னுதான் பாப்பான். 'இது என் தங்கச்சிக்காக வச்சிருக்கேன்'னு சொன்னா விட்டுடுவானா? இன்னொண்ணு, தப்பா நெனைக்காதீங்க. உங்க தங்கச்சிக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

பெரியவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "சரி, அவ பேர்லயே உயில் எழுதிடுங்க."

"எழுதலாம்," என்றார் பிரேக். "நாலாவதா ஒருத்தன் சிரிச்சிக்கிட்டே வருவான். தண்ணி மெஷினுக்குப் பதிலா வீட்டுப் பத்திரத்த நீட்டுவான்."

வக்கீல் அம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கட்டம் போட்டார். வீடு இரண்டும் அந்தக் கட்டத்துக்குள். கட்டத்தின் பெயர் டிரஸ்ட். அதை நடத்த இரண்டு பொறுப்பாளர்கள். சாவி அவர்கள் கையில் இருக்கும், வீடு அவர்களுடையது ஆகாது. குடியிருக்கும் உரிமையும் வரும் வாடகையும் சின்னவளுக்கு மட்டும். பொறுப்பாளர் தவறு செய்தால் நீதிமன்றம் கேட்கும். பொறுப்பாளரின் சொந்தக் கடன் கட்டத்துக்குள் நுழையாது.

"நீங்க இருக்கிற வரைக்கும் நீங்களே முதல் பொறுப்பாளர் ஐயா. எப்ப வேணும்னாலும் மாத்தலாம். உங்களுக்கு அப்புறம் இதுல யாரும் ஒரு எழுத்தக்கூட மாத்த முடியாது."

அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கெடுதல் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

இரண்டு மாதம் உட்கார்ந்து நாற்பத்தொரு நிபந்தனைகள் எழுதினார். எந்தச் செலவானாலும் இரண்டு பொறுப்பாளர்களும் கையெழுத்துப் போடவேண்டும். வருடத்துக்கு இரண்டு ஜோடி ஷூ, கறுப்பு நிறம், கயிறு இல்லாமல் ஒட்டிக்கொள்ளும் வகை. மாலை ஏழு மணிக்குள் அவள் வீட்டில் இருக்கவேண்டும். இருபத்து மூன்றாவது: அவள் ஒரு இரவுகூட வெளியில் தங்கக்கூடாது. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட முகாமுக்குப் போனவள் நான்கு மணி நேரம் காணாமல் போயிருந்தாள். கடைசியில் ஒரு பால்காரர் வீட்டு வாசலில் கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது நல்ல நாளாகத்தான் நினைவில் இருக்கிறது. அவருக்கு அந்த நான்கு மணி நேரம் இன்னும் முடியவில்லை.

"ஐயா, இது டிரஸ்ட் பத்திரமா, ஹாஸ்டல் சட்டமா?" என்று கேட்டார் வக்கீல் அம்மா.

"எழுதுங்க மேடம். ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு."

பெரியவளோடு இரண்டாவது பொறுப்பாளராக யாரைப் போடுவது என்று அவர் யோசிக்கவே இல்லை. முப்பது வருடம் ஒரே லிஃப்ட் குழிக்குள் தொங்கி வேலை செய்த கூட்டாளி ஒருவர் இருந்தார். எப்போதும் கையில் எண்ணெய்க் குப்பி இருந்ததால் அவருக்கு எண்ணெய் என்று பெயர்.

"டேய், உனக்கு முன்னாடி நான் போயிடுவேன்டா. என் சர்க்கரை எவ்வளவுன்னு தெரியுமா?" என்றார் எண்ணெய்.

"அதுக்கும் எழுதியிருக்கேன். பத்தொம்பதாவது பாரு. நீ செத்தா யாரு வரணும்னு இருக்கு."

"அடப்பாவி, எனக்கும் சேத்துக் குழி தோண்டிட்டியா?"

பத்திரம் பதிவானது. வேறு யாராக இருந்தாலும் அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். பிரேக்கால் முடியவில்லை. லிஃப்ட் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது லிஃப்டை ஒப்படைப்பதற்கு முன் அது தாங்கவேண்டிய எடைக்கு மேலே கால் பங்கு கூட்டி இரும்புக் கட்டிகளை ஏற்றி, வேண்டுமென்றே வேகமாக இறங்கவிடுவார்கள். பெட்டியின் அடியில் இருக்கும் இரும்புத் தாடைகள் இரண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடித்து நிறுத்தவேண்டும். அதற்கு சேஃப்டி என்று பெயர். சோதிக்காத சேஃப்டியை நம்பி அவர் ஒருவரையும் ஏற்றியதில்லை. ஆனால் சாவுக்குப் பிறகான ஏற்பாட்டில் ஒரு சங்கடம் இருக்கிறது. செய்தவனால் அது ஓடுவதைப் பார்க்க முடியாது.

அவர் இதற்கும் வழி கண்டுபிடித்தார். பழைய கம்பெனி, வேறொரு ஊர் மருத்துவமனையில் நான்கு பழைய லிஃப்டுகளைச் சரிசெய்து தர ஆறு வாரத்துக்குக் கூப்பிட்டிருந்தது. மறுபடி ஏற்பதாக எழுதித் தரும்வரை பொறுப்பாளர் வேலையிலிருந்து விலகி நிற்பதாக எழுதிக் கொடுத்தார். எண்ணெயையும் பெரியவளையும் வரவழைத்து நிலைமையைச் சொன்னார். அந்த நாட்களில் அவர் செத்துவிட்டதாக வைத்துக்கொள்ளவேண்டும். போன் செய்யக்கூடாது, அவரும் செய்யமாட்டார். எந்தப் பிசகு வந்தாலும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கவேண்டும். லிஃப்ட் இயந்திர அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டும் பதிவேடு மாதிரி, தேதி போட்டு.

"உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குப்பா," என்றாள் பெரியவள்.

"செத்தவன்கிட்ட பேசாதம்மா, பதில் வராது," என்றார் எண்ணெய்.

கிளம்புகிற அன்று காலை சின்னவள் வாசலில் நின்றாள்.

"அப்பா, நீ செத்துப் போறியாம். அக்கா சொன்னா."

"சாகல. செத்த மாதிரி இருக்கப் போறேன். ஆறு வாரம்."

"அப்புறம்?"

"அப்புறம் வந்துடுவேன்."

"செத்தவங்க வரமாட்டாங்க. அம்மா வரல."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "வேலைக்குப் போறேன்," என்றார்.

"அப்ப அதச் சொல்லு," என்று சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனாள்.

மருத்துவமனை லிஃப்டுகள் அவரைப் பகல் முழுவதும் காப்பாற்றின. சாயங்காலம்தான் கஷ்டம். விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்து, அவள் இப்போது வீடு வந்திருப்பாள், இப்போது தட்டைக் கழுவுவாள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது வாரம் ஒருநாள் கடைசி எண் ஒன்று பாக்கியிருக்கும்வரை போனில் எண்களை அழுத்திவிட்டார். கீழே தெருவில் யாரோ ஒரு பெண் வண்டிக்காரரோடு பேரம் பேசும் சத்தம் கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்தார். சாவதில் உள்ள சிரமம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வேறு ஏதோ. அவருக்கு அது கையைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பதாக இருந்தது.

ஆறு வாரம் முடிந்து அவர் ஊர் திரும்பியபோது காலை பத்து மணி. சின்னவள் வேலைக்குப் போயிருந்தாள். நேராக வக்கீல் அலுவலகத்துக்குப் போனார். பெரியவளும் எண்ணெயும் அங்கே காத்திருந்தார்கள். பதிவேடு மேசைமேல் இருந்தது. யாரையும் நலம் விசாரிக்காமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திறந்தார்.

முதல் வாரம், வியாழன். பெரியவளின் எழுத்து. "குளியலறைக் குழாய் உடஞ்சிடுச்சு. எண்ணெ மாமா கண் ஆஸ்பத்திரியில இருந்தாரு. கண்ணுல மருந்து ஊத்தியிருந்ததால கையெழுத்துப் போட வரல. தண்ணி படிக்கட்டு வரைக்கும் வந்துடுச்சு. நானே பிளம்பரக் கூப்பிட்டேன். நாலாவது நிபந்தனை மீறல்."

"அவசரம்னா சரி," என்றார்.

"அவசரம்னா சரின்னு எங்கயும் எழுதலியேப்பா."

இரண்டாவது வாரம். எண்ணெயின் எழுத்து, கோழி கிளறியது போல. சின்னவள் அவருக்கு இன்னும் பாப்பாதான். "பாப்பா சிவப்பு ஷூ கேக்குது. பத்திரத்துல கறுப்பு. கறுப்பு வாங்கினோம். பாப்பா போடல. கிழிஞ்ச பழசுலயே போகுது. மீறல் இல்ல. யாருக்கும் சந்தோஷமும் இல்ல."

நான்காவது வாரம் இரண்டு பக்கம் முழுவதும் பெரியவள் எழுதியிருந்தாள். பெட்டி மடிக்கும் பிரிவில் எல்லோரும் சேர்ந்து கடற்கரைக்குப் போகிறார்கள். இரண்டு இரவு. சின்னவளுக்கும் இடம் போட்டுவிட்டார்கள். மேற்பார்வை பார்க்கும் அம்மாவே தன் அறையில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இருபத்து மூன்றாவது நிபந்தனை முடியாது என்கிறது. கடைசி வரி இப்படி இருந்தது: "போகச் சொல்லிட்டோம். தெரிஞ்சே மீறல். உங்ககிட்ட கேக்கலாம்னு பாத்தோம். நீங்க செத்துட்டீங்க."

பிரேக் பதிவேட்டை மூடினார். அவர் கழுத்து சிவந்துவிட்டது.

"நான் இருந்திருந்தா விட்டிருப்பேனா?"

"நீங்க இருந்திருந்தா நான் உங்களோட சண்ட போட்டிருப்பேன்," என்றாள் பெரியவள். "அவ ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பா. மூணாவது நாள் நீங்களே எறங்கி வந்து, போர்வை வச்சிக்கோ, மாத்திரை வச்சிக்கோன்னு அனுப்பியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்கள? பேப்பர் எறங்கி வராதுப்பா."

அவர் எண்ணெய் பக்கம் திரும்பினார். "நீ என்னடா சொன்ன?"

"நான் முடியாதுன்னுதான் சொன்னேன். ரெண்டு நாள் சொன்னேன். அப்புறம் பாப்பா பத்திரத்த எடுத்து மடியில வச்சிக்கிட்டு, அந்த இருபத்தி மூணு எங்கன்னு கேட்டுச்சு. காட்டினேன். அது மேல விரல வச்சி 'ஏன்?'னுச்சு. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்குன்ன. ஒரு காரணத்தையாவது எழுதி வச்சியா? முகாம் கதைதான் காரணமா இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன். ஆனா பாப்பா பன்னெண்டு வயசுல தொலஞ்சதுக்கு முப்பத்தி மூணு வயசுல நான் எப்படிடா தண்டன குடுப்பேன்?"

வக்கீல் அம்மா பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"திரும்பி வந்தாளா?" என்று கேட்டார் பிரேக். கேள்வி அர்த்தமில்லாதது என்று அவருக்கே தெரிந்தது.

"வந்தா. மூக்கு கறுத்துப் போயி, ஒரு செருப்பக் கடல்ல விட்டுட்டு," என்றாள் பெரியவள். "வந்ததுலேருந்து அலை எப்படி வரும்னு எல்லாருக்கும் காட்டிக் குடுக்கிறா."

எண்ணெய் நாற்காலியை இழுத்துக் கூட்டாளியின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "டேய், நாம எத்தன லிஃப்ட் பாத்திருக்கோம். சேஃப்டி எப்பக் கவ்வணும்?"

"வேகம் மீறினா."

"இது நடக்கிற வேகத்துலேயே கவ்வுதுடா. சும்மா மூணாவது மாடிக்குப் போறவளப் புடிச்சி அந்தரத்துல நிறுத்துது. இப்படி ஒரு லிஃப்ட நான் மாட்டிக் குடுத்திருந்தா நீ கையெழுத்துப் போடுவியா?"

பிரேக் கண்ணாடியைக் கழற்றிப் பதிவேட்டின்மேல் வைத்தார். அவருக்குக் கோபம் தணிந்ததா, அல்லது தொழில் சம்பந்தமான கேள்விக்குப் பொய் சொல்லத் தெரியாததா என்று சொல்வது கஷ்டம். "போடமாட்டேன்," என்றார். பிறகு, "கழட்டிப் பாக்கணும்," என்றார்.

கழற்றிப் பார்க்க மூன்று வாரம் ஆயிற்று. நாற்பத்தொன்று ஒன்பதானது. விடக்கூடாதவை சில இருந்தன, அவற்றைத் தளர்த்தாமல் வைத்தார். அவள் உயிரோடு இருக்கும்வரை அவள் குடியிருக்கும் வீட்டை விற்கக்கூடாது. பொறுப்பாளர்கள் எதையும் தாங்களே வாங்கிக்கொள்ளக்கூடாது. வாடகையிலிருந்து அவளுக்கல்லாமல் வேறு யாருக்கும் எதுவும் போகக்கூடாது. ஒரு பொறுப்பாளர் போனால் அடுத்தவர் யார் என்பதும் இருந்தது. அவசரத்துக்கு ஒரு கையெழுத்துப் போதும். மற்றதெல்லாம் பொறுப்பாளர்களின் யோசனைக்கு விடப்பட்டது. முடிவு எடுக்குமுன் சின்னவளைக் கேட்கவேண்டும், அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைக்கவேண்டும் என்பது ஒன்பதாவது. இதை எழுதச் சொன்னது பெரியவள். ஒவ்வொரு நிபந்தனைக்குக் கீழேயும் "காரணம்" என்று ஒரு வரி வந்தது. அது எண்ணெயின் பிடிவாதம்.

"இப்பதான் இது பத்திரம்," என்றார் வக்கீல் அம்மா. அவரும் சுலபத்தில் பாராட்டுகிறவர் இல்லை.

பெரியவளிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. என் பேரில் எழுதியிருக்கலாமே என்ற பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை. ஒருநாள் படியிறங்கும்போது அவளாகவே சொன்னாள்: "அவரு போன வாரம் கடைக்கு இன்னொரு லோன் வாங்கியிருக்காருப்பா. கையெழுத்துப் போடும்போது பயமா இருந்துச்சு. அப்புறம் நெனச்சேன், தங்கச்சி வீட்ட இது தொடாதுல்ல. ராத்திரி தூக்கம் வந்துச்சு." பிரேக் கைப்பிடியைப் பார்க்காமல் மகளைப் பார்த்தபடி இறங்கினார்.

கையெழுத்துக்கு முன் சின்னவளுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டவேண்டும் என்று வக்கீல் அம்மா சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வக்கீல் அலுவலகத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். சின்னவள் சிவப்பு ஷூ போட்டு வந்திருந்தாள். வக்கீல் அம்மா ஒவ்வொன்றையும் பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டு, "சரியாம்மா?" என்று கேட்பார். அவள் தலையாட்டுவாள். ஏழாவது வந்தது.

"மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எண்ணெ மாமா வீட்டுக்கு வந்து நீ எப்படி இருக்கேன்னு பாப்பாரு. சரியா?"

"இல்ல," என்றாள்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். கண்முன் நீட்டிய தாளுக்கு அவள் இல்லை என்று சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"ஏம்மா? மாமாவப் புடிக்கலியா?" என்றார் வக்கீல் அம்மா.

"மாமாவப் புடிக்கும். ஞாயித்துக்கிழமை தல குளிப்பேன். முடி காய நேரமாகும். யாரும் வரக்கூடாது. செவ்வாக்கெழம வரட்டும்."

"பாப்பா, செவ்வாக்கெழம எனக்குச் சீட்டுக் கச்சேரி," என்றார் எண்ணெய்.

"அப்ப வராத."

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிரேக் முன்னால் சாய்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஞாயிறென்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், அதுதான் பாதுகாப்பு என்று சொல்ல நினைத்திருக்கலாம். மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஐயா, நீங்க பொறுப்புலேருந்து விலகியிருக்கீங்க. இன்னும் திரும்பி வரல," என்றார் வக்கீல் அம்மா. "வரீங்களா? வரதுன்னா இன்னிக்கே எழுதிடலாம்."

அவர் சின்னவளைப் பார்த்தார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஞாயிறு என்று அச்சடித்திருந்த இடத்தில் விரலை வைத்து, வக்கீல் அம்மா அதை அடிக்கிறாரா இல்லையா என்று கவனித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் மேடம்," என்றார். "ஓடிக்கிட்டிருக்கு. இப்படியே ஓடட்டும். நான் பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்."

வக்கீல் அம்மா ஞாயிறை அடித்துச் செவ்வாய் என்று எழுதினார். காரணம் என்ற வரியில், "தல குளிப்பேன். முடி காய நேரமாகும்," என்று அவள் சொன்னபடியே எழுதினார். அடித்த இடத்தில் எண்ணெய் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகு பெரியவள் போட்டாள். பிரேக் கடைசியாக, முழுப் பெயரையும் எழுதி, தேதி போட்டு, பேனாவை மூடிவைத்தார்.

"எட்டாவது என்ன?" என்று கேட்டாள் சின்னவள்.